கடை போர்டுல ஸ்டேஷனரிக்கு ஏயா, ஈயா?

கேள்வி: வெள்ளவத்தையில சின்னதா ஒரு கொப்பி, பேனைக் கடை தொடங்கப் போறன். போர்டு வந்திட்டுது, ஆனா ஸ்டேஷனரியில இங்கிலீஷ் 'ஆர்'க்கு (R) முன்னால 'ஏ' (A) போட்டுக் கிடக்கு. டிசைன் செய்த தம்பி ரெண்டும் சரிதான், கம்ப்யூட்டரில சிவப்புக் கோடு வரேல்லை எண்டுறார். மாத்தோணுமா?

பதில்: மாத்துங்கோ, திறக்கிறதுக்கு முதலே. சிவப்புக் கோடு வராது, ஏனெண்டா ரெண்டுமே இங்கிலீஷில உள்ள சொல்லுதான், உச்சரிப்பும் ஒண்டுதான், நீங்கள் கொப்பி விக்கிறியளா வேற என்னமும் விக்கிறியளா எண்டு கம்ப்யூட்டருக்கு எப்பிடித் தெரியும்? 'ஏ' போட்டா அசையாம நிக்கிறது எண்டு அர்த்தம். பின்னேரம் காலி வீதியில இறுகிப்போய் நிக்கிற பஸ், ஜிம்மில கிடக்கிற சைக்கிள், ஏ.எல். பிசிக்ஸில வாற நிலையான அலை, எல்லாத்துக்கும் இந்த 'ஏ'தான். மத்தியகோட்டுக்கு மேல 35,786 கிலோமீற்றர் உயரத்தில ஒரே இடத்தில நிக்கிற மாதிரித் தெரியிற ஜியோஸ்டேஷனரி சாட்டலைட்டுக்கும் அதேதான். கொப்பி, பேனை, அடிமட்டம், என்வலப் எண்டா 'ஈ' (E), அதாவது stationery.

ஆனா வேடிக்கை என்னெண்டா ரெண்டுக்கும் அடி ஒண்டுதான். அந்தக் காலத்து ஐரோப்பாவில கூடையைத் தூக்கிக்கொண்டு ஊரூராத் திரிஞ்சு வித்த ஆக்கள்தான் கூட, ஒரு இடத்தில நிலையா கடை போட்டிருந்தவையை ஸ்டேஷனர் எண்டு சொல்லிச்சினம், அவை பெரும்பாலும் புத்தக வியாபாரியள். லண்டனில 1403லயே அவைக்கு ஒரு சங்கம் இருந்தது, 1557ல அரச பட்டயமும் கிடைச்சுது. ஸ்டேஷனர் விக்கிற சாமான் ஸ்டேஷனரி, பேக்கர் நடத்திறது பேக்கரி. அதால சந்தேகம் வந்தா பக்கத்து பேக்கரி போர்டை ஒருக்கா நிமிந்து பாருங்கோ, அதில வாற கடைசி மூண்டு எழுத்தும்தான் உங்கட போர்டிலயும் வரோணும்.

இன்னொண்டு, கொழும்பில கன கடையில பன்மை எண்டு நினைச்சு ஸ்டேஷனரீஸ் எண்டு எழுதி வைச்சிருக்கினம், எனக்கு அதைக் கண்டாலே கண் உறுத்தும். பத்துக் கொப்பி எண்டாலும் பத்தாயிரம் எண்டாலும் ஸ்டேஷனரிதான், கட்டாயம் பன்மை வேணுமெண்டா பின்னால ஐட்டம்ஸ் எண்டு போடலாம்.

வெட்டி ஒட்டின அக்ரிலிக் எழுத்தெண்டா அந்த ஒரு எழுத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்கோ, பிளெக்ஸ் எண்டா திருப்பி அடிக்கத்தான் வேணும். தம்பிக்கு போனில வெறும் 'ஈ' எண்டு சொல்லாதேங்கோ, வாட்ஸ்அப்பில டைப் பண்ணி அனுப்புங்கோ, ஏனெண்டா எங்கட ஆக்கள் தமிழ் 'ஏ'யையும் இங்கிலீஷ் 'ஏ'யையும் போட்டுக் குழப்புறது வழமை. பில் புத்தகம், றப்பர் ஸ்டாம்ப், பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப் போற கொட்டேஷன் எல்லாம் அதே பைலில இருந்துதான் அடிச்சிருப்பார், அதுகளையும் இப்பவே எடுத்துப் பாருங்கோ.