எலுமிச்சைச் சாறும் வைட்டமின் மாத்திரையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சியும், மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையில் உள்ளதும் ஒன்றுதானா? இயற்கையாகக் கிடைப்பதில் உயிராற்றல் உண்டு, செயற்கையில் அது இல்லை என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். (வாசகி, கும்பகோணம்)

பதில்: மூலக்கூறு ஒன்றுதான். கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6 என்ற கணக்கில் அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் பிணைந்திருப்பதே அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. அது மரத்தில் விளைந்ததா, ஆலையில் உருவானதா என்று நம் உடலின் நொதிகளால் பிரித்தறிய முடியாது.

சொற்பொழிவாளர் சொன்ன கருத்தை ஒருகாலத்தில் வேதியியலாளர்களே நம்பியிருந்தனர். 1828-இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் வோலர், அதுவரை சிறுநீரிலிருந்து மட்டுமே பிரித்தெடுக்கப்பட்டுவந்த யூரியாவை, அம்மோனியம் சயனேட்டிலிருந்து தம் ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டினார். அந்த ஒரே சோதனையோடு, உயிரினப் பொருள்களை உயிராற்றலின்றி உருவாக்க முடியாது என்ற உயிராற்றல் கொள்கை மறைந்துவிட்டதாகப் பாடநூல்கள் எழுதுவது சற்று மிகை. வோலர் பயன்படுத்திய சயனேட்டே விலங்குப் பொருள்களிலிருந்து வந்ததுதானே என்ற நியாயமான ஐயம் எழுந்தது. 1845-இல் ஹெர்மன் கோல்பே, உயிரற்ற பொருள்களிலிருந்தே தொடங்கி அசிட்டிக் அமிலத்தை உருவாக்கியது போன்ற பல சோதனைகள் சேர்ந்தே அக்கொள்கையைத் தளரச் செய்தன.

ஆனால், அணுக்களின் எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதாது. எரிதார்பிக் அமிலம் என்ற பதப்படுத்தும் பொருளிலும் அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில்தான் உள்ளன. ஒரே ஒரு கார்பன் அணுவைச் சுற்றியுள்ள அமைப்பு மட்டும் திரும்பியிருக்கிறது. வலக்காலுக்குரிய செருப்பை இடக்காலில் மாட்டியதுபோல அது நொதிகளுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. எனவே அதற்கு வைட்டமின் ஆற்றல் மிகக் குறைவு. சரியான அமைப்பைப் பெறுவதற்காக, 1930-களில் வேதியியலாளர் ரைக்ஸ்டைன் வகுத்த தயாரிப்பு முறை, குளுக்கோஸில் தொடங்கி, இடையில் ஒரு படியைப் பாக்டீரியாவிடமே ஒப்படைத்தது. செயற்கை என்று ஒதுக்கப்படும் மாத்திரையிலும் ஓர் உயிரின் உழைப்பு இருக்கிறது என்பதைச் சொற்பொழிவாளருக்கு யாரேனும் தெரிவிக்கலாம். நெல்லிக்காயை உண்பவருக்கு நார்ச்சத்தும் வேறு பல பொருள்களும் கூடவே கிடைக்கின்றன என்பது உண்மையே; அது வைட்டமினின் சிறப்பன்று, காயின் சிறப்பு.

கேள்வி: கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747-லேயே, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு மருந்து கண்டிருந்தும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை 1795-இல்தான் ஏற்றது ஏன்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அதிகாரிகளின் மெத்தனம் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் லிண்ட்டிடமே இருந்தது. சாலிஸ்பரி என்ற கப்பலில் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே பொது உணவை அளித்து, அதனோடு ஆப்பிள் மது, நீர்த்த கந்தக அமிலம், வினிகர், கடல்நீர், பழங்கள், பூண்டும் கடுகும் சேர்த்த ஒரு கலவை ஆகியவற்றில் ஒன்றை ஒவ்வோர் இணைக்கும் கொடுத்தார். ஆறு நாள்களில் பழங்கள் தீர்ந்துபோயின. அதற்குள்ளாகவே ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களில் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலையை அடைந்தார். ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அந்த நூற்றாண்டில் அரிது.

ஆனால் பழத்தில் எது குணப்படுத்தியது என்பதை அச்சோதனை சொல்லவில்லை. ஈரக்காற்றினால் வியர்வைத் துளைகள் அடைபடுவது முதலியவையே நோய்க்குக் காரணம் என்று லிண்ட் தொடர்ந்து கருதினார். நீண்ட பயணத்துக்குக் கெடாதிருக்கச் சாற்றைச் சூடாக்கி வற்றவைத்து எடுத்துச் செல்லுமாறு அவரே பரிந்துரைத்தார். அந்தச் சூட்டிலேயே வைட்டமின் பெருமளவு அழிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே பிழை வேறு வடிவில் திரும்பியது. மத்தியதரைக் கடற்பகுதியின் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக, மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த, வைட்டமின் குறைந்த சிறிய லைம் பழத்தின் சாற்றைக் கடற்படை வாங்கத் தொடங்கியது. புளிப்புதான் மருந்து என்று எண்ணியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. 1875-76-இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பயணக்குழுவைச் சாறு கைவசம் இருந்தும் ஸ்கர்வி தாக்கியபோது, பழச்சாற்றுக் கொள்கையையே பலர் சந்தேகித்தனர்.

கேள்வி: ஆடுமாடுகளுக்கு ஸ்கர்வி வராதா? (மாணவர், தருமபுரி)

பதில்: வராது. அவற்றின் கல்லீரல் குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நம்மிடம் அதன் கடைசிப் படிக்குரிய நொதியின் மரபணு பழுதடைந்துவிட்டது. கினிப் பன்றிக்கும் அப்படியே. 1907-இல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற நார்வே ஆய்வாளர்கள் ஸ்கர்வி பற்றிய சோதனைக்குக் கினிப் பன்றிகளைத் தேர்ந்தது நல்வாய்ப்பு. எலிகளைத் தேர்ந்திருந்தால் எந்த உணவைக் கொடுத்தாலும் நோய் தோன்றியிருக்காது. ஹங்கேரிய ஆய்வாளர் சென்ட்-ஜியார்ஜி பிரித்தெடுத்திருந்த பொருளே வைட்டமின் சி என்று 1932-இல் உறுதியானதும் கினிப் பன்றிகளைக் கொண்டுதான்.

கேள்வி: வைட்டமின் சியைப் பள்ளியில் எளிதாகச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? (ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: நீர்த்த சோற்றுக்கஞ்சியில், காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் சில துளிகள் விட்டால் கருநீல நிறம் தோன்றும். அதில் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாகச் சேர்க்கும்போது, அஸ்கார்பிக் அமிலம் அயோடினை அயோடைடாக மாற்றுவதால் நிறம் மறையும். இன்னொரு குவளையில் அதே அளவு வெறும் தண்ணீரைச் சேர்த்து ஒப்பிட வேண்டும். இல்லையெனில் நீர்த்துப்போனதால்தான் நிறம் வெளுத்தது என்று யாரும் வாதிடலாம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் இருப்பதால், புளிப்பு மட்டுமே நிறத்தைப் போக்குவதில்லை என்று காட்ட வினிகரையும் ஒரு குவளையில் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அயோடினோடு வினைபுரியும் வேறு பொருள்களும் நிறத்தை மறையச் செய்யும் என்பதால், இருவேறு பழங்களை இம்முறையில் தரவரிசைப்படுத்துவது நம்பகமானதன்று. ஒரே பழத்தின் பச்சைச் சாற்றையும் கொதிக்கவைத்த சாற்றையும் ஒப்பிடுவது பொருத்தமானது. அப்போது வற்றிய அளவுக்குத் தண்ணீரைச் சேர்த்து, சாற்றை நன்றாக ஆறவிட்ட பிறகே துளிகளை எண்ண வேண்டும். சூடு பட்டாலே அந்த நீலம் தானாக மங்கிவிடும். சோதித்த எதையும் மாணவர்கள் குடிக்கக் கூடாது.