நெஞ்சுக்குழாய்ப் பயிற்சி: ஆட்டு விலாவிலிருந்து தொடங்குங்கள்

மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். கூடலூரில் இரவுப்பணியில் தனியாக இருப்பதாகவும், நெஞ்சுக்குழாய் (நுரையீரலைச் சுற்றித் தேங்கும் காற்றையோ நீரையோ வெளியேற்ற விலாக்களுக்கிடையே செலுத்தும் குழாய்) இடுவதை இருமுறை பார்த்திருந்தும் கை நடுங்குவதாகவும், பயிற்சிப் பொம்மை வாங்க வழியில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டால் நோயாளியைக் கீழே அனுப்ப முடியாது என்று அறிந்தவருக்கு அந்த நடுக்கம் இயல்பே.

கறிக்கடையில் ஆட்டு விலாவை வெட்டாமல் முழுப்பகுதியாக வாங்கி, அதன்மேல் ஸ்பாஞ்சும் ரெக்சினும் கட்டி, உட்புறம் நுரையீரலுக்குப் பதிலாகச் சற்றே காற்றடைத்த பலூனை வையுங்கள். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி இரத்தக்குழாய்களும் நரம்பும் செல்வதால், எப்போதும் கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே இடுக்கியைச் செலுத்த வேண்டும். விலாக்களின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு விட்டுக்கொடுக்கும் அந்த நொடியை விரல்கள் உணரும்வரை, பலூன் உடையாமல் இருபது முறையாவது செய்யுங்கள்; எந்தப் பாடநூலும் அதைக் கற்றுத்தராது.

இடம் குறிப்பதை இறைச்சியில் பழக முடியாது. சக ஊழியரைக் கையை உயர்த்தச் சொல்லி, அக்குளுக்குக் கீழுள்ள, குழாயைச் செலுத்தப் பாதுகாப்பான இடமான ‘பாதுகாப்பு முக்கோண’த்தைப் பேனாவால் வரைந்து பழகுங்கள். செவிலியரையும் சேர்த்துக்கொண்டு, நெஞ்சுக்குழாயுடன் இணைக்கும் நீர்க்குப்பியை, காற்று நெஞ்சுக்குள் திரும்பாதபடி அதன் குழாய்முனை நீருக்குள் 2 செ.மீ. மூழ்குமாறு தயாரிப்பதையும் ஒத்திகை பாருங்கள். பதற்றத்தில் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

உதகையில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் திறன் ஆய்வகத்தில் பழக அனுமதி கேட்டு எழுதுங்கள். அதன்பின், முதல் சில நோயாளிகளுக்கு அனுபவமுள்ள ஒருவர் அருகில் நிற்கும்போது மட்டுமே செய்யுங்கள்.