1991 மாஸ்டா எம்எக்ஸ்-5: பிரேக் மிதி இறங்குது, டிஸ்க் மாற்றலாமோ?

நிலாவெளியில் கடலோரம் நிற்கிற 1.6 லீற்றர் மாஸ்டாவுக்கு பிரேக் மிதி பஞ்சுபோல இறங்குது, பெரிய பிரேக் டிஸ்க்கும் 17 அங்குலச் சில்லும் போட்டால் சரிவருமோ என்று கேட்டிருந்தீங்கள். வராது.

முதலில் நாலு பிரேக் ஹோஸையும் மாற்றி, புது டொட் 4 பிரேக் எண்ணெய் ஊற்றி, இடது பின் சில்லிலிருந்து தொடங்கிக் காற்றெடுங்கோ. உப்புக்காற்றில் கலிப்பர் (பாட்டை, அதாவது பிரேக் கட்டையை, டிஸ்க்கில் அமத்துற பகுதி) வழுக்குற பின்கள் இறுகும். கழற்றித் துடைத்து சிலிக்கன் கிரீஸ் பூசுங்கோ.

பின் கலிப்பரில்தான் கன பேர் பிழைவிடுறது. பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அமத்தாதேங்கோ, உள்ளே கைபிரேக் பொறி உடையும். பின்பக்கத்து மூடி போல்ட்டைக் கழற்றி, 4 மிமீ அலன் சாவியால் இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். பாட் பூட்டியபின் டிஸ்க்கில் தட்டும்வரை வலஞ்சுழியாகத் திருகி, 1/3 சுற்றுத் தளர்த்துங்கோ. இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு காற்றெடுத்தாலும் மிதி ஆழமாகத்தான் போகும்.

பிறகும் போதாதென்றால் 1.8 லீற்றர் எம்எக்ஸ்-5இன் 255 மிமீ முன் டிஸ்க், கலிப்பரைத் தாங்குற பிராக்கெட், பாட் எடுங்கோ. கலிப்பர் உங்கடதே காணும். பின்னுக்கும் 1.8இன் டிஸ்க், பிராக்கெட், பாட்டே போடுங்கோ.

17 அங்குலச் சில்லு பாரம்தான். 15 அங்குல விட்டம், 7 அங்குல அகலச் சில்லு எடுங்கோ: 4×100 (100 மிமீ வட்டத்தில் நாலு போல்ட்), ஓஃப்செட் (பூட்டுற முகம் சில்லின் நடுவிலிருந்து தள்ளியிருக்கிற அளவு) 35–38 மிமீ, ரயர் 195/50ஆர்15. வேகமானி அப்படியே காட்டும். சில்லின் நடு ஓட்டை 54.1 மிமீக்கு மேலென்றால் இடைவெளியை நிரப்புற வளையம் போட்டே பூட்டுங்கோ, இல்லாட்டி ஸ்டியரிங் நடுங்கும்.