வெளிநாட்டுக் கிராமத்தில் ஒரு இளம் மிஷனரியின் நாள் எப்படிப் போகும்?

மிஷனரி என்றால் தன் சமயத்தை எடுத்துச் சொல்ல அனுப்பப்பட்டவர். ஆனால் கிராமத்தில் முதல் சில மாதங்கள் பேச்சுப் பழகுவதிலும், துணி துவைப்பதிலும், வீடு வீடாக நடப்பதிலுமே போய்விடும். பேச்சு புரியாதவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? ஒடிசாவிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பையன் டீக்கடையில் நின்று, ‘அண்ணே, சக்கரை கம்மி’ என்று சொல்லிப் பழகுகிறானே, அதேதான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்கு வயது 23. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்து பழகினார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

அப்புறம், இவர்கள் எல்லோரும் சம்பளத்துக்குப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவின் இளைஞர்கள் 24 மாதம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்கிறார்கள்; செலவைப் பெரும்பாலும் அவர்களும் குடும்பமும்தான் ஏற்கிறார்கள்.