எஸ்எஸ்டி உட்கார்ந்துவிட்டது, லேப்டாப் கண்டுகொள்ளவில்லை!

கேள்வி: 2016-ல் வாங்கிய லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ் என்பதால், 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கி நானே மாட்டினேன். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறியது. ஆனால் விண்டோஸில் அப்படி ஒரு டிரைவே வரவில்லை. கடைக்காரர், "பீஸ் நல்லாத்தான் இருக்கு, கவர் பிரிச்சதை எடுக்க மாட்டோம்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்குச் சண்டைக்குப் போகும் முன் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரை) போய் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அழுத்த வேண்டும். சில கம்பெனிகளில் எஃப்10 அல்லது டெலிட்.

பெயர் இருந்தால் கவலையே இல்லை. புது டிரைவ் விண்டோஸில் தானாக வந்து நிற்காது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், கறுப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்று காத்திருக்கும். ஜிபிடி (டிஸ்க்கைப் பிரித்துவைக்கும் முறை) தேர்ந்தெடுத்து இனிஷியலைஸ் செய்து ஃபார்மட் போட்டால் முடிந்தது. இது தெரியாமல் என் முதல் எஸ்எஸ்டியை நான்கு முறை கழற்றி மாட்டி, கடுகளவு ஸ்க்ரூவைத் தொலைத்து, டார்ச் அடித்துத் தரையில் தேடியவன் நான்.

பயாஸிலும் இல்லையா? அப்படியானால் எனக்கு ஸ்லாட் மேல்தான் சந்தேகம். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். டிரைவ் லேப்டாப்போடு பேசும் முறைகள் இரண்டு: பழைய சாட்டா, புதிய என்விஎம்இ. அந்த ஒரே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். ஒரே நிறப் பேருந்துதான், ரூட் வேறு. டிரைவைக் கழற்றி, தங்க நிறக் கோடுகள் உள்ள முனையைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. லேபிளையும் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் எம்.2 ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும்தான். அதில் என்விஎம்இ அழகாக உட்காரும், வேலை செய்யாது. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எது ஒத்துவரும் என்று இருக்கும்.

சரி, பணம்? பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் உங்கள் டிரைவ் பழுதில்லை, பொருந்தாதது. இந்த இடத்தில் கடைக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. லேப்டாப் மாடலைச் சொல்லிக் கேட்டு அவரே எடுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறு. வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அதுவே சாட்சி. அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். இல்லையென்றால் தன்மையாகப் பேசி சாட்டாவுக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள். அதுவும் நடக்காவிட்டால், என்விஎம்இக்கான யுஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

சாட்டாவின் வேகம் விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இ பல மடங்கு போகும் என்று ஆசை காட்டுவார்கள். ஹார்டு டிஸ்க்கோடு இத்தனை வருடம் ஓட்டியவருக்கு சாட்டாவே ராக்கெட்தான். மாற்றும்போது, அடுத்த முறையாவது, பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள்ளே கை வையுங்கள்.