ஓடையில் கழிவு விடும் விடுதிமேல் சாதாரண ஆள் வழக்குப் போட முடியுமா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதி ஓடையில் கழிவுநீர் விடுகிறது, நிலம் நம்முடையது இல்லை, கேட்க உரிமை உண்டா என்கிறீர்கள். உண்டு. மாசற்ற நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது.

தனி ஆள் வழக்குப் போடலாம் என்பதற்கு நம் நீலகிரி மலையே சாட்சி. கூடலூர்ப் பகுதிக் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் வழக்குப் போட்டவர் கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக் கோதவர்மன் திருமுல்பாடு, தனி ஆள். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு, நிலம் யார் பெயரில் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடென்றால் காடுதான் என்றது. மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் அங்கே வேறு வேலை கூடாது என்பது நாடு முழுவதற்கும் சட்டமானது. கூடலூரில் ஆரம்பித்தது, பாருங்கள்!

உங்கள் விஷயத்துக்குச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போதும்; அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். ஆனாலும் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது என்பேன். பலர் கோட்டைவிடுவது காலக்கெடுவில்தான்: பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தாசில்தாருக்கு மனுமேல் மனு போட்டுக் காத்திருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும்.

முதலில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விடுதிக்கு வாரியத்தின் இசைவு, அதாவது அனுமதி, இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.