தம்ப்நெயில் போட்டது அலுவலகம், நோட்டீஸ் வந்தது எனக்கு

கேள்வி: எனக்கு 24 வயது. வீடு தக்கலை பக்கம். நாகர்கோவிலில் நடக்கும் ஒரு யூடியூப் செய்திச் சேனலில் 14 மாதமாக நிருபராக இருக்கிறேன். களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் கொண்டுபோகும் டாரஸ் லாரிகள் அளவுக்கு மீறி ஏற்றுவதைப் பற்றி வீடியோ செய்தேன். நான் எழுதிய ஸ்கிரிப்டில் ‘ஓவர்லோடு’ என்றுதான் இருந்தது. அலுவலகத்தில் தம்ப்நெயிலில் (வீடியோவின் முகப்புப் படத்தில்) குவாரிக்காரர் படத்தைப் போட்டு ‘கனிமவளக் கொள்ளையன்’ என்று எழுதிவிட்டார்கள். ஏழு நாளில் மன்னிப்பும் பத்து லட்சம் ரூபாயும் கேட்டு அவருடைய வக்கீல் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். போன தீபாவளிக்கு அவரிடம் வாழ்த்து விளம்பரம் கேட்டதும் நான்தான். ‘விளம்பரம் தராததால் இந்த வீடியோ’ என்கிறது நோட்டீஸ். ஸ்டேஷனிலிருந்து ‘வந்து பேசிட்டுப் போம்மா’ என்று போன் வருகிறது. எடிட்டரோ ‘நீ ஃப்ரீலான்ஸ்தானே’ என்று ஒதுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் டெலிட் செய்யச் சொல்கிறார். மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை. நான் என்ன செய்ய?

பதில்: முதலில், எதையும் டெலிட் செய்யாதீர்கள். எடிட்டர் சொன்னாலும், வீட்டில் பயந்து சொன்னாலும் செய்யாதீர்கள். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, அது நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்றே அழிப்பது பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் தனிக் குற்றம்; மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பதிவுகள்தான் உங்களைக் காப்பாற்றப் போகின்றன.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. லாரிகளை எடுத்த ஒரிஜினல் வீடியோ உங்கள் போனில்தானே இருக்கிறது? அதை வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம். கேபிள் போட்டு ஒரு பென் டிரைவிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலுமாக இரண்டு நகல் எடுங்கள். அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிய பிரதியை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். நம்பர் பிளேட் மங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. ‘அ’ பகுதியில் கருவி யார் கையில் இருந்ததோ அவர், அதாவது நீங்கள், கையெழுத்திட வேண்டும். ‘ஆ’ பகுதி நிபுணருடையது. கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். ஆகவே வழக்கு ஓயும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் இப்போதே அணையுங்கள்.

அடுத்தது தம்ப்நெயில். யூடியூபில் தம்ப்நெயிலை மாற்றினால் பழையது பார்வையாளருக்குத் தெரியாது. எடிட்டர் மாற்றுவதற்கு முன் வீடியோ முகவரி, தலைப்பு, தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் ஸ்கிரிப்டை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யாருக்கு அனுப்பினீர்கள் என்று காட்டும் வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்து வையுங்கள். ‘ஓவர்லோடு’ உங்கள் சொல், ‘கொள்ளையன்’ அவர்கள் சொல் என்பதை அந்த இரண்டும்தான் காட்டும்.

ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன், அந்தச் சொல் உங்கள் தரப்பின் பலவீனம். முறையான நடைச்சீட்டோடு (கனிமம் கொண்டுபோக அரசு தரும் அனுமதிச் சீட்டு) கேரளாவுக்குக் கல் கொண்டுபோவதே குற்றம் ஆகிவிடாது. ஓவர்லோடு வேறு, அது மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் வரும் விஷயம். நீங்கள் நிரூபிக்கக்கூடியது அது. ‘கொள்ளை’ என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? இல்லையென்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்தபின் தம்ப்நெயிலை மாற்றும்படி எடிட்டருக்கு எழுத்தில் கேளுங்கள். வீடியோவை நீக்கச் சொல்ல வேண்டாம். அவர்கள் இறக்கியே தீருவோம் என்றால், டெலிட் செய்யாமல் ‘பிரைவேட்’ ஆக்கச் சொல்லுங்கள்.

அவதூறு நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. இரண்டாண்டு வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை. இதில் பத்து விதிவிலக்குகள் உண்டு. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்பது முதல் விதிவிலக்கு. நல்லெண்ணத்தோடு பொதுநன்மைக்காகச் சொன்னது என்பது ஒன்பதாவது. ‘நல்லெண்ணம்’ என்றால் சட்டத்தில் போதிய கவனத்தோடு செய்தது என்று பொருள். அங்கேதான் கேள்வி வரும்: வெளியிடுமுன் குவாரிக்காரரிடம் விளக்கம் கேட்டீர்களா? போன் செய்த பதிவு, அனுப்பிய மெசேஜ் இருந்தால் தங்கம் மாதிரிப் பாதுகாருங்கள்.

அவதூறு போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடும் குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகார் கொடுக்க வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் நடுவர் அதைக் கோப்பில் எடுக்க முடியாது என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு சொல்கிறது. பத்து லட்சத்துக்கு சிவில் வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணமே 3 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், அவர் முதலில் கட்ட வேண்டும். அந்த வழக்கையும் வெளியான ஓராண்டுக்குள் போட வேண்டும். நோட்டீஸ் வந்ததாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த விளம்பரப் பேச்சுதான். நிருபரையே தீபாவளிக்கும் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் விளம்பரம் பிடிக்க அனுப்புவது நம் மாவட்டத்துச் சிறு சேனல்களில் வழக்கமாகிவிட்டது. அது பெரிய தவறு. பழி விழுவது நிருபர் தலையில். ‘பணம் தா, இல்லாவிட்டால் செய்தி போடுவேன்’ என்றால் நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தல், ஏழாண்டு வரை. அதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம். வெறுமனே விளம்பரம் கேட்டது குற்றமில்லை. ஆனால் விளம்பரம் கேட்டதற்கும் செய்திக்கும் தொடர்பில்லை என்று காட்ட வேண்டும்: எடிட்டர் ‘இவரிடம் கேள்’ என்று சொன்ன மெசேஜ், எல்லோருக்கும் அனுப்பிய அதே விலைப்பட்டியல், அவர் மறுத்த தேதி, லாரிச் செய்திக்கு நீங்கள் வேலை தொடங்கிய தேதி. இனி குவாரிக்காரருக்கு நீங்களாகப் போன் செய்யாதீர்கள். சமாதானம் பேசப் போனாலும் அது பேரம் பேசியதாக மாறிவிடும்.

ஸ்டேஷன் விஷயம். போனில் கூப்பிட்டால் மரியாதையாக, ‘சார், எழுத்தில் சம்மன் கொடுங்க, வக்கீலோட வாறேன்’ என்று சொல்லுங்கள். சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) எண்ணோ எஃப்.ஐ.ஆர். எண்ணோ கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சியாக விசாரிக்க என்றால், சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடம் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராக என்றால் அதே சட்டத்தின் 35(3) பிரிவு நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. முறையான நோட்டீஸ் கைக்கு வந்தபின் போகாமல் இருக்காதீர்கள், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். 308 போட்டிருப்பதாகத் தெரிந்தால் உடனே நாகர்கோவில் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு போடலாம். போனைக் கேட்டால் எழுத்தில் உத்தரவு கேளுங்கள், கொடுத்தால் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு (போனின் தனி அடையாள எண்) ரசீது வாங்குங்கள்.

நடைச்சீட்டு போட்டோ தந்த டிரைவர் போல யாராவது இருந்தால், அவர் பெயரைப் பதில் நோட்டீஸில் எழுதிவிடாதீர்கள். செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நீதிமன்றத்தில் மறுக்கும் உரிமையை நிருபருக்கு எந்தச் சட்டமும் தரவில்லை. பிரஸ் கவுன்சில் சட்டத்தின் பாதுகாப்பு அந்தக் கவுன்சில் முன் மட்டும்தான். அவரை நம்பாமலே உங்கள் செய்தியை நிரூபிக்கப் பாருங்கள். மாவட்டக் கனிமவளத் துறைக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்தத் தேதிகளில் எத்தனை லாரிக்கு 194இல் அபராதம், எத்தனை நடைச்சீட்டு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அரசு முத்திரை போட்ட அந்தத் தாள் டிரைவர் வாய்மொழியைவிட உறுதியானது.

சம்பளம்: ‘ஃப்ரீலான்ஸ்’ என்று சொல்லிவிட்டால் ஆகிவிடாது. 14 மாதம் மாதந்தோறும் வந்த ஜிபே வரவு, டியூட்டி குரூப், லோகோ போட்ட மைக்கோடு உங்கள் படம், அடையாள அட்டை, இவை நீங்கள் ஊழியர் என்று பேசும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். நாகர்கோவில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம்.

ஏழு நாளுக்குள் பதில் அனுப்பாவிட்டால் தோற்றுவிடுவீர்கள் என்று சட்டத்தில் இல்லை. இருந்தாலும் அனுப்புங்கள், சுருக்கமாக, வக்கீல் மூலம், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும் தபாலில். மன்னிப்பு என்ற சொல்லை நீங்களாக எழுதாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். போகும்போது நோட்டீஸ் மட்டுமல்ல, அது வந்த கவரையும் எடுத்துப் போங்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும். அந்த ஏழு நாளை வழக்கமாக எண்ணத் தொடங்குவது நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்துதான்.